மணலோடு மணலாகக் கிடக்கும் ஃபிளவுண்டரைப் பிடிப்பது எப்படி

ஃபிளவுண்டர் நாக்கு மீனைப் போன்ற தட்டை மீன். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும், அப்புறம் ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வந்துவிட, ஒருக்களித்துப் படுத்தபடியே மிச்ச வாழ்க்கையைக் கழித்துவிடும். மணலை மேலே போர்த்திக்கொண்டு கண் இரண்டை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். இரையைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் வராது, அதனால் நாம்தான் அதன் வாய்க்கு முன்னால் இரையைக் கொண்டுபோக வேண்டும்.

இடம் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. முகத்துவாரம், சிறு கால்வாய் கடலில் சேரும் இடம், பாலத் தூணின் அடி, ஆழம் சட்டென்று மாறும் மணல் விளிம்பு, இவற்றைப் பாருங்கள். வற்றத்தில், அதாவது கடல்நீர் வடியும்போது, சின்ன மீனும் இறாலும் நீரோட்டத்தோடு வெளியே வரும், அந்த வழியில்தான் இது படுத்திருக்கும்.

தூண்டில் ரொம்ப எளிது. தூண்டில் நரம்பில், நடுவே ஓட்டை உள்ள ஈயக்குண்டு ஒன்றைக் கோர்த்து (15 முதல் 30 கிராம் வரை, நீரோட்டத்தைப் பொறுத்து), ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சின்ன இணைப்பு) கட்டி, அதிலிருந்து அரை மீட்டர் நரம்பு விட்டு முள்ளைக் கட்டுங்கள். குண்டு தரையில் கிடக்கும், இரை அதற்குப் பின்னால் நடமாடும். உயிருள்ள மடவைக் குஞ்சு இருந்தால் உதட்டில் குத்துங்கள், இல்லையென்றால் இறாலோ நீளவாக்கில் நறுக்கிய மீன் துண்டோ போதும். வீசிவிட்டுச் சும்மா நிற்காதீர்கள். ஒரு சாண், நிறுத்தம், மறுபடி ஒரு சாண் என்று தரையை உரசியபடி இழுங்கள்.

இனி, எல்லோரும் கோட்டை விடும் இடம். முதலில் ஒரு லேசான 'டக்', அப்புறம் பாசியில் மாட்டியது போல ஒரு கனம், அவ்வளவுதான். நான் முதல் நாள் அந்த 'டக்' கேட்டதுமே வெட்டி இழுத்தேன், பாதி கடித்த இறால் மட்டும் வந்தது, மூன்று தடவையும் அதே கதை. இரையைப் பல்லால் கவ்விப் பிடித்துவிட்டு அப்புறம்தான் உள்ளே தள்ளும். கம்பின் நுனியைத் தாழ்த்தி, ஐந்தாறு எண்ணிவிட்டு, கனம் இன்னும் இருந்தால் உறுதியாகத் தூக்குங்கள். கரைக்கு அருகே வந்ததும் தலையை உதறி முள்ளைத் துப்பப் பார்க்கும், ஆகவே நீருக்கு மேலே தூக்காமல் கைவலையைத் தலைப்பக்கமாக அடியில் நீட்டி வாங்குங்கள். பல் கூர்மை, வாய்க்குள் விரல் வைக்காதீர்கள்.

குறைந்தபட்ச நீளமும் பிடிக்கக் கூடாத காலமும் இடத்துக்கு இடம் மாறும். கிளம்பும் முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, அளவு குறைவானதை உடனே விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்வதைச் செவுளில் வெட்டி ரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் போடுங்கள்.

சுத்தம் செய்ய, வளையும் மெல்லிய கத்தி வேண்டும். குடல் தலைக்குப் பக்கத்தில் சின்னப் பைக்குள் அடங்கியிருக்கும், அதைக் கிழிக்காமல் விட்டால் நாற்றமே இல்லை. தலைக்குப் பின்னால் ஒரு வெட்டு, பிறகு உடலின் நடுக்கோட்டில் வால் வரை முள் தட்டும் அளவுக்கு ஒரு வெட்டு. அங்கிருந்து கத்தியை முள்ளின் மேல் படுக்கவைத்து துடுப்பு விளிம்பு நோக்கிச் சீவினால் சதை புத்தகப் பக்கம் போலத் திறக்கும். மேலே இரண்டு, அடியில் இரண்டு என நான்கு துண்டுகள், அடிப்பக்கத்தவை கொஞ்சம் மெலிந்திருக்கும். தோலை உரிக்க வால் முனையை உப்புத் தொட்ட விரலால் பிடியுங்கள், வழுக்காது.

சமைக்கும்போது அவசரப்படலாம், பிடிக்கும்போதுதான் கூடாது. துண்டின் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தூவி, காய்ந்த எண்ணெயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். சதை வெள்ளையாகி விரலால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்தால் இறக்கிவிடுங்கள்.