ஸ்னோபோர்டு பூட்ஸ்ல கால் வலிக்குதுங்களா? குதிகால்ல இருந்து பாருங்க

போன தை மாசம் ஸ்னோபோர்டு பழக, அதாவது ரெண்டு காலையும் ஒரே பலகையில மாட்டிக்கிட்டு பனிச்சரிவுல சறுக்கப் பழக, காஷ்மீர்ல இருக்கிற குல்மர்க் போயிருந்தேன். ரெண்டாம் நாள் மத்தியானம், புதுசாப் பழகுறவங்களுக்கான சரிவுலயே முடியாம பனி மேல உக்காந்துட்டேன். பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தா முன்னங்கால் எலும்பு மேல குறுக்கால ஒரு செவந்த பள்ளம், சணல் கயித்தைக் கட்டி இழுத்த மாதிரி. தெர்மல் பேண்ட்டோட ஓரத்தையும் பூட்ஸுக்குள்ள சொருகியிருந்தேன். அந்தத் தையல்தான் அப்படிப் பதிஞ்சிருந்துச்சு. கால் உள்ள ஆடுதேன்னு லேஸை இழுத்து இழுத்து இறுக்கினதுல பாதமும் மரத்துப் போச்சு. மீதி ரெண்டு நாளும் ரூம்லயே கழிஞ்சது. அவ்வளவு தூரம் போயிட்டு சன்னல் வழியா அஃபர்வாட் மலையைப் பார்த்துட்டு இருந்தது இன்னும் மனசுல இருக்குது.

இந்த வருசம் திருப்பூர்ல இருந்து கூட்டாளிங்க நாலு பேர் கிளம்புறாங்க. அவங்களுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

கெட்டியான பூட்ஸ்னாலே வலிக்கும்னு நெனைக்காதீங்க. பெரும்பாலும் தொந்தரவு குதிகால்ல ஆரம்பிக்குது. குதிகால் உள்ள தூக்குனா கால் நிக்கிறதுக்குப் பிடிமானம் தேடி விரலை மடக்கும், உள்ளங்கால் சதை பிடிச்சுக்கும். அதைச் சரிபண்ண நாம லேஸை இறுக்குவோம். இறுக்க இறுக்க ரத்த ஓட்டம் குறையும், முன்னங்கால்ல அழுத்தம் ஏறும். அதனால கீழ சொல்ற எல்லாமே குதிகாலை அசையாம உக்கார வெக்கிறதுக்குத்தான்.

வலி எங்கன்னு முதல்ல பாருங்க

முன்னங்கால் எலும்பு மேலயே தொட்டா வலிச்சா, பூட்ஸோட நாக்குக்கும் காலுக்கும் நடுவுல இடைவெளி இருக்குது, இல்லைன்னா துணி மடிஞ்சிருக்குது. எலும்புக்குப் பக்கத்துச் சதை எரிஞ்சா அது பூட்ஸோட குத்தம் இல்லை. பழகுறப்ப பலகையோட குதிகால் பக்க விளிம்புலயே நின்னு இறங்குவோம், விரலைத் தூக்கிப் பிடிச்சுட்டே இருப்போம், அந்தச் சதை ஓஞ்சு போகுது. விரல் பக்க விளிம்புல நின்னா அதே மாதிரி கெண்டைக்கால் சதை எரியும். இந்த ரெண்டும் பழகப் பழகக் குறையும். விரல் மரத்துப் போறதும் ஒரே இடத்துல குத்துறதும் பழகுறதால போகாது, சரிபண்ணித்தான் ஆகணும்.

அளவு

ஸ்னோபோர்டு பூட்ஸுக்கு மாண்டோ அளவுன்னு ஒண்ணு உண்டு. பாதத்தோட நீளம் சென்டிமீட்டர்ல எவ்வளவோ அதுதான் நம்பர். சாயங்காலமா, கால் கொஞ்சம் உப்பியிருக்கிற நேரத்துல, குதிகாலைச் சுவத்துல ஒட்டி நின்னு நீளமான விரல் நுனி வரைக்கும் அளங்க. ரெண்டு காலையும் அளங்க. 26.5 வந்தா 26.5 தான் போட்டுப் பார்க்கணும். எப்பவும் போடுற ஷூ நம்பரைச் சொல்லி வாங்கினா பெருசாத்தான் வரும்.

நேரா நிக்கிறப்ப விரல் முன்னாடி லேசாத் தொடணும். முழங்காலை மடக்குனா விரல் பின்னாடி வரணும். இதுதான் சரியான பொருத்தம். புதுசுல கொஞ்சம் இறுக்கமா இருக்கிறது நல்லது, ஏன்னா உள்ள இருக்கிற லைனர், அதாவது மெத்துன்னு இருக்கிற உள் பூட்ஸ், போடப் போட அமுங்கிக் கொடுக்கும். சுகமா இருக்குதேன்னு ஒரு நம்பர் பெருசா வாங்கிட்டா பத்து நாள்ல குதிகால் ஆட ஆரம்பிச்சுடும்.

நம்மள்ல நிறையப் பேர் செருப்புலயும் வெறுங்கால்லயும் வளர்ந்தவங்க. விரல் பக்கம் பாதம் விரிஞ்சிருக்கும். அப்படிப்பட்டவங்க நீளத்தைக் கூட்டாதீங்க. அதே நம்பர்ல அகலமான மாடல் கேளுங்க.

கெட்டித்தன்மைக்கு 1 முதல் 10 வரைக்கும் எண் போட்டிருப்பாங்க. புதுசாப் பழகுறவங்களுக்கு 3, 4 போதும். பக்கிள் வெச்ச பிளாஸ்டிக் பூட்ஸ் பந்தயத்துல சரிவை அறுத்துக்கிட்டுப் போறவங்களுக்கு. அதுக்குத் தனி பைண்டிங் (பூட்ஸைப் பலகையோட பிடிச்சு வெக்கிற மாட்டி) வேணும், இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

சாக்ஸ்

ஒரே ஒரு ஜோடி. முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வர்ற மெல்லிசான கம்பளி சாக்ஸ். குளிருமேன்னு ரெண்டு போட்டா ஒண்ணு மேல ஒண்ணு நழுவி மடியும், காலும் நெருக்கிப் போய் இன்னும் சில்லுனு ஆகும். தெர்மல் பேண்ட்டை பூட்ஸுக்கு மேலயே நிறுத்திடுங்க. என் கால்ல விழுந்த பள்ளத்தை நெனைச்சுக்குங்க.

போடுற விதம்

இதை அவசரப்படாம செய்யுங்க. எல்லா லேஸையும் முழுசாத் தளர்த்தி, நாக்கை நல்லா முன்னாடி இழுத்து, காலை உள்ள விடுங்க. சாக்ஸ்ல ஒரு சுருக்கம்கூட இல்லாம நீவி விடுங்க. அப்புறம் விரலைத் தூக்கி, குதிகாலால தரையில நாலு தட்டுத் தட்டுங்க. குதிகால் பின்னாடி குழியில போய் உக்காருறது உங்களுக்கே தெரியும்.

முழங்காலை முன்னாடி மடக்கி, முன்னங்கால் நாக்கை அழுத்துற மாதிரி வெச்சுக்கிட்டு, உள் லைனரோட லேஸை முதல்ல இழுங்க. அதுதான் குதிகாலைப் பிடிக்கும். வெளி லேஸ்ல பாதத்து மேல சுமாரா, கணுக்கால் மடிப்புல நல்லா, மேல கெண்டைக்கால் பக்கம் ஒரு விரல் நுழையிற அளவுக்கு. திருகுற டயல் ஒண்ணே ஒண்ணு வெச்ச பூட்ஸ்னா எல்லா இடமும் ஒண்ணா இறுகும். அதனால கொஞ்சம் கொஞ்சமாத் திருகுங்க.

இப்ப முன்னாடி சாஞ்சு விரல்ல எழும்பிப் பாருங்க. குதிகால் தூக்கினா கழட்டிட்டு மறுபடியும் முதல்ல இருந்து. அப்பவும் தூக்கினா, கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி இருக்கிற குழியில வர்ற மாதிரி லைனரோட வெளிப்பக்கம் ஃபோம் துண்டு ஒட்டலாம். 'ஜே' எழுத்து வடிவத்துல வெட்டின ஃபோம் இதுக்குன்னே கிடைக்குது.

பைண்டிங்ல கணுக்கால் பட்டையை ஓங்கி இறுக்காதீங்க, உள்ளங்கால் பிடிச்சுக்கும். பின்னாடி கெண்டைக்காலைத் தாங்குற ஹைபேக் தகட்டோட சாய்மானத்தைப் பழகுற நாள்ல பூஜ்யத்துல வெச்சிருங்க.

ஊர்லயே பழக்குங்க

சொந்தமா வாங்குறவங்க ஐப்பசியிலேயே வாங்கிடுங்க. நான் ரெண்டாவதா வாங்கின ஜோடியை மார்கழி விடிகாலையில வீட்டுக்குள்ளயே அரை மணி நேரம் போட்டுட்டு நிப்பேன். அம்மா வாசல்ல கோலம் போட்டுட்டு உள்ள வந்து, "கால் நோவுதா சாமி? கழட்டிப் போடு"ன்னாங்க. கழட்டினதும் சாக்ஸை இறக்கி, செவந்த இடத்துல பேனாவால வட்டம் போட்டுட்டேன். கால் மணி நேரத்துல செவப்பு மறைஞ்ச இடம் தானா சரியாகிடுச்சு. மறையாம நின்னது சுண்டு விரல் பக்கம் ஒரே ஒரு வட்டம். அந்த இடத்தை மட்டும் கடையில சூடாக்கி விரிச்சு வாங்கினேன்.

காலையும் தயார் பண்ணணும். சென்னிமலையில 1320 படி இருக்குது. வாரம் ரெண்டு தடவை ஏறி, நிதானமா இறங்குங்க. முன்னங்காலுக்கும் தொடைக்கும் வேலை கொடுக்கிறது அந்த இறக்கம்தான். வீட்டுல படி ஓரத்துல நின்னு குதிகாலை 15 தடவை ஏத்தி இறக்குங்க, அப்படி மூணு சுத்து. சுவத்துல முதுகைச் சாய்ச்சு நின்னு விரலைத் தூக்கி இறக்கறதும் அதே கணக்கு.

சரிவுல

முதல் இறக்கம் முடிஞ்சதும் லேஸைத் திரும்பப் பாருங்க, கொஞ்சம் தளர்ந்திருக்கும். டீ குடிக்க நிக்கிறப்பவும் வரிசையில நிக்கிறப்பவும் மேல் லேஸைத் தளர்த்தி விடுங்க.

விரல் வெளுத்து உணர்ச்சி இல்லாம போனா உடனே உள்ள வந்து பூட்ஸைக் கழட்டிடுங்க. சக்கரை இருக்கிறவங்களுக்குக் கால்ல புண் ஆனாலே தெரியாம போகலாம், அதனால போறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க. இன்னொண்ணு: கோயம்புத்தூர்ல கிளம்பி டெல்லி மாறி ஸ்ரீநகர் போறது நாள் முழுக்க உக்காந்தே போற பயணம். அதுக்கப்புறம் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, தொட்டா வலிச்சா பூட்ஸ் வலின்னு விட்டுடாதீங்க. ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூடவே மூச்சு வாங்குனா ஒரு நிமிசம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ராத்திரி லைனரை வெளிய எடுத்து ஆற வெச்சிருங்க. ரூம்ல எரியிற புகாரி அடுப்புக்குப் பக்கத்துல மட்டும் வெச்சுடாதீங்க. ஃபோம் சுருங்கிடும், பசை விட்டுடும், காலையில அதே பூட்ஸ் வேற பூட்ஸ் மாதிரி இருக்கும். ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ள அடைச்சு, அடுப்புக்கு எதிர்ச் சுவர் ஓரமா வெச்சா விடியறதுக்குள்ள காஞ்சிருக்கும்.