கண்காணிப்பு கிளஸ்டர்: ஃபெயில்ஓவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயில் சர்வர் விழுந்தால் பத்து நிமிடத்தில் அலுவலகமே வந்து கேட்கும். மற்ற சர்வர்களைக் கவனிக்கும் கண்காணிப்பு சர்வர் விழுந்தால் யாரும் கேட்பதில்லை. திரையில் கடைசியாக வந்த பச்சை அப்படியே நிற்கும், அலர்ட் எதுவும் வராது, அலர்ட் வராததை எல்லோரும் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் கண்காணிப்பு மென்பொருளை ஒரே சர்வரில் விடாமல் கிளஸ்டராக, அதாவது சேர்ந்து இயங்கும் பல சர்வர்களாக, ஓட்டுகிறோம். ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்பதுதான் ஃபெயில்ஓவர். ஆனால் ஒரு கிளஸ்டர் எந்தெந்தப் பழுதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்க்காமலேயே பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2022-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே கிளஸ்டர் வசதி உண்டு. ஒரு நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) வேலை செய்யும், மற்றவை காத்திருக்கும். ஒவ்வொன்றும் 5 விநாடிக்கு ஒருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று பொதுவான டேட்டாபேஸில் குறித்துவைக்கும். முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. சர்வரை மூன்றாக்கிவிட்டு டேட்டாபேஸை ஒற்றையாக விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் எத்தனை நோடு காத்திருந்தும் பயனில்லை. டேட்டாபேஸுக்கான மாற்று ஏற்பாட்டை ஸாபிக்ஸ் செய்து தராது. நாம்தான் தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது, சோதித்துப் பார்க்கும் விதம். பெரும்பாலானோர் சர்வீஸை முறையாக ஸ்டாப் செய்துவிட்டு, அடுத்த நோடு உடனே எழுந்ததைப் பார்த்து ‘சரி, வேலை செய்கிறது’ என்று முடித்துக்கொள்கிறார்கள். முறையாக நிற்கும் நோடு, தான் நின்றுவிட்டதாக டேட்டாபேஸில் எழுதிவிட்டுப் போகிறது. அதனால் அடுத்தது 5 விநாடிக்குள் பொறுப்பேற்கும். திடீரென்று சாகும் நோடு எதையும் எழுதுவதில்லை. அப்போது மற்றவை ஃபெயில்ஓவர் தாமதம் முழுவதும் காத்திருந்த பிறகுதான் எழும். வழக்கமாக அது 1 நிமிடம். உண்மையான பழுது வரும் வழி இரண்டாவதுதான். மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், டிஸ்க்கை நிரப்பிப் பாருங்கள். இந்த மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

அந்த ஒரு நிமிடத்தையும் குறைத்துவிடலாமே என்று தோன்றும். 10 விநாடி வரை குறைக்க ஸாபிக்ஸ் இடம் கொடுக்கிறது. நான் குறைக்கச் சொல்ல மாட்டேன். விர்ச்சுவல் மெஷினில் (நிஜ இயந்திரத்துக்குள் மென்பொருளாக ஓடும் கணினியில்) ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல், எடுக்கும்போது சில விநாடி எல்லாமே உறைந்துபோவது சாதாரணம். அந்த உறைவையெல்லாம் மரணம் என்று எடுத்துக்கொண்டால், பொறுப்பு இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தரவு விட்டுப்போகும்.

செத்த நோடு, வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட நோடு, இவ்விரண்டையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சிக்கல். இரண்டே நோடு, நடுவில் கேபிள் போய்விட்டது என்றால் ‘எதிரில் இருப்பது செத்துவிட்டது’ என்று இரண்டுமே நினைக்கும். இரண்டும் தலைமை ஏற்றால் அதுதான் ஸ்பிளிட் பிரெய்ன். அதனால்தான் தலைமை யார் என்பதை நோடுகளின் வாக்கெடுப்பில் முடிவு செய்யும் கிளஸ்டர்களில் பாதிக்கு மேல் ஆதரவு தேவை. 3 நோடு 1 பழுதைத் தாங்கும், 5 நோடு 2 பழுதைத் தாங்கும். 4 போட்டாலும் 1-தான் தாங்கும்; நான்காவதால் இந்தக் கணக்கில் எதுவும் கூடவில்லை. இரண்டு டேட்டா சென்டர் வைத்திருப்பவர்கள் மூன்றாவது வாக்கை மூன்றாவது இடத்தில் வைக்க வேண்டும்.

வாக்கெடுப்பு சரியாக நடந்தாலும் முடிவு நல்லதாக இருக்கும் என்று உறுதியில்லை. 2018 அக்டோபர் 21 அன்று, பழுதான ஆப்டிகல் கருவியை மாற்றும் வேலையின்போது நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டருக்கான இணைப்பு 43 விநாடி அறுந்தது. ஃபெயில்ஓவர் மென்பொருள் விதிப்படி பெரும்பான்மை சேர்த்து, டேட்டாபேஸ் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில விநாடித் தரவு மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இரு பக்கத்துத் தரவும் ஒத்துப்போகாததால் சேவை 24 மணி 11 நிமிடம் பாதிக்கப்பட்டது. தொலைவில் இருக்கும் இடத்துக்குத் தானாக மாறும் வசதியை யோசிக்காமல் இயக்கி வைக்கக் கூடாது. அந்த இடத்தில் மனிதர் ஒருவர் ‘மாற்று’ என்று சொல்வது பல நேரம் பாதுகாப்பானது.

கொள்ளளவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். வேலையைப் பகிர்ந்து செய்யும் மூன்று நோடுகள் ஆளுக்கு 70% சுமையில் ஓடினால் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும். ஒன்று விழுந்ததும் மீதி இரண்டின் தலையிலும் 105% ஏறும். சிறிது நேரத்தில் அவையும் விழும்.

அப்புறம் ஏஜென்ட்கள், அதாவது கவனிக்கப்படும் இயந்திரங்களில் இருந்து தரவு தரும் சிறு மென்பொருள்கள். புதிய நோடு எழுந்துவிட்டது, ஆனால் ஏஜென்ட் கான்ஃபிக்கிலும் ஃபயர்வாலிலும் பழைய நோடின் முகவரி மட்டும்தான் இருக்கிறது என்றால் எந்தத் தரவும் வராது. ஸாபிக்ஸில் இன்னொரு நுணுக்கம்: ஆக்டிவ் முறையில் (தானே தரவை அனுப்பும் முறையில்) இயங்கும் ஏஜென்ட்டுக்கு, ஒரே கிளஸ்டரின் நோடுகளை அரைப்புள்ளியால் பிரித்து எழுத வேண்டும். காற்புள்ளி போட்டால் அவற்றைத் தனித்தனி சர்வர்களாக எடுத்துக்கொள்ளும். ஒரு குறி மாறியதற்காக மணிக்கணக்கில் தேடியிருக்கிறேன்.

புரோமிதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் செய்யும் தவறு வேறு. அங்கே ஃபெயில்ஓவரே கிடையாது. ஒரே மாதிரி இரண்டு புரோமிதியஸ் ஒரே இலக்குகளைத் தனித்தனியாகப் பார்க்கும், இரண்டும் அலர்ட்டை, அதை ஆட்களுக்குக் கொண்டுசேர்க்கும் அலர்ட்மேனேஜர்களின் கூட்டத்துக்கு அனுப்பும், இரட்டிப்பை அந்தக் கூட்டம் நீக்கும். இதற்கு நடுவில் பழக்க தோஷத்தில் லோட் பேலன்ஸரை (வருவதைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் கருவியை) வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புரோமிதியஸுக்கும் எல்லா அலர்ட்மேனேஜர்களின் முகவரியும் நேரடியாகத் தெரிய வேண்டும். வலை இரண்டாகப் பிரிந்தால் ஒரே அலர்ட் இருமுறை வரும். ஒருமுறைகூட வராமல் போவதைவிட அது மேல் என்றுதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, இரண்டு நோடும் ஒரே ஹோஸ்ட்டில் (ஒரே நிஜ இயந்திரத்தில்) ஓடுகின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். விர்ச்சுவல் மெஷின்கள் தாமாக இடம்பெயரும் சூழலில், பிரித்து வைத்தவைகூட ஒரு நாள் ஒரே இயந்திரத்தில் வந்து சேர்ந்துவிடும். சேரக் கூடாது என்று விதி போட்டு வையுங்கள். கிளஸ்டரையே கவனிக்க, அதற்கு வெளியே ஒன்று வேண்டும். எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை உருவாக்கி வேறு இடத்திலிருக்கும் சேவைக்கு அனுப்புங்கள். அது வருவது நின்றால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும். அந்தச் சேவை உங்களை அழைக்கும் வழி, நீங்கள் கண்காணிக்கும் அதே மெயில் சர்வர் வழியாகப் போகக் கூடாது.