பால் கொட்டிய கார், மீன் தண்ணீர் ஒழுகிய கார்: வாடையை அடியோடு எடுப்பது எப்படி

சேலத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் மதியம் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சீட்டுக்கு அடியில் ஓட்டையான பால் பாக்கெட் ஒன்று கிடந்தால், காலையில் ஒழுகியது சாயங்காலத்துக்குள் புளித்து வீச்சம் எடுத்துவிடும். அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறுகிற ரோட்டில் இன்னொரு வகைத் தொல்லை. 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் மூடி சரியாகப் போடாத மாவு வாளி சாய்ந்திருக்கும், குழந்தை வாந்தி எடுத்திருக்கும், மேட்டூரில் வாங்கிய மீன் பையிலிருந்து தண்ணீர் டிக்கிக்குள் இறங்கியிருக்கும்.

சென்ட் டப்பா வாங்கி மாட்டுவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. அது காசுக்குக் கேடு. வாடை காற்றில் இல்லை, ஏதோ ஓரிடத்தில் ஊறிக் கிடக்கும் ஈரத்தில் இருக்கிறது. அந்த இடம் தெரியாமல் எதைத் தெளித்தாலும் நான்கு நாளில் பழைய கதைதான்.

மேலே தெரியும் கார்பெட்டுக்கு அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்தில் பஞ்சு அட்டை மாதிரி ஒரு மெத்தை ஒட்டியிருக்கும். கொட்டிய பாலில் பெரும்பகுதி அதற்குள்தான் போயிருக்கும். மேல் கார்பெட் காய்ந்து சுத்தமாகத் தெரிந்தாலும் அடி மெத்தை ஒரு வாரம்கூட ஈரமாகவே இருக்கும். கொட்டிய இடத்தில் மட்டும் தேடுவதும் தப்பு. மலை ஏறும்போது திரவம் பின்பக்கமாக ஓடும், வளைவுக்கு வளைவு பக்கவாட்டிலும் ஓடும். முன் சீட்டில் கொட்டியது பின் சீட்டுக்காரர் கால் வைக்கும் பள்ளத்தில் போய்த் தேங்கியிருக்கலாம். சீட் நகரும் தண்டவாளம், பெல்ட் கொக்கி செருகும் இடுக்கு, கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, இவ்வளவையும் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்காமலே வண்டியைக் கழுவி அனுப்பும் கடைகள் நிறைய.

கண்டுபிடிக்க வெயிலே போதும். கண்ணாடியை ஏற்றி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து, மூக்கைத் தரையோரம் கொண்டுபோய் முகருங்கள். சந்தேகப்படும் இடத்தில் கதவோரப் பட்டையை மேல்நோக்கி இழுத்துக் கழற்றினால் (பெரும்பாலும் கிளிப்தான்) கார்பெட் ஓரத்தைத் தூக்கலாம். அடி மெத்தையில் வெள்ளை டிஷ்யூவை வைத்து அழுத்துங்கள். மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒட்டி வந்தால் இடம் அதுதான்.

பின் சீட் பல கார்களில் முன் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்தால் கிளிப் விட்டு வந்துவிடும், சிலவற்றில் போல்ட். முன் சீட்டுக்கு நான்கு போல்ட், பெரும்பாலும் 14 நம்பர் ஸ்பேனர். அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் வயர். சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும். கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும், அப்புறம் அதை அணைக்க மெக்கானிக்கிடம் ஓட வேண்டும். விபத்தில் ஆளைத் தாங்குவது இந்த நான்கு போல்ட்தான். திரும்ப மாட்டும்போது கம்பெனி சொல்லும் இறுக்கத்துக்கு மெக்கானிக்கை வைத்து இறுக்குங்கள்.

இனிக் கழுவும் வேலை. முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்கட்டும். கொதிக்கிற தண்ணீரோ ஸ்டீம் மெஷினோ பட்டால் பாலிலும் முட்டையிலும் உள்ள புரதம் வெந்து நாரோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த சோப்புக்கும் அசையாது. ஹோஸ் பைப்பை உள்ளே விடவே கூடாது. சில வண்டிகளில் சீட்டுக்கு அடியிலேயே வயர்க் கட்டு, கன்ட்ரோல் பெட்டி இரண்டும் இருக்கும். மக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஈரம் உறிஞ்சும் வேக்கம் கிளீனரால் உடனே இழுங்கள். வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பாதி வாடை இந்த ஒரு வேலையிலேயே போய்விடும்.

அடுத்தது என்ன ஊற்றுவது என்பது, என்ன கொட்டியது என்பதைப் பொறுத்தது. பால், தயிர், மாவு, வாந்தி எல்லாம் அமில வாடை. பால் கொழுப்பு சிதைந்தால் பியூட்ரிக் அமிலம் வரும், வாந்தியில் அடிக்கும் அதே நெடி. இதற்கு ஆப்ப சோடாதான் மருந்து: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, கால் மணி நேரம் ஊறவிட்டு இழுக்க வேண்டும். சலவை சோடாவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அதன் காரம் துணிக்கு ஆகாது. மீன் கவுச்சி இதற்கு நேர் எதிர். அதைக் கிளப்புவது டிரைமெத்திலமைன் என்ற காரப்பொருள். அதற்கு சோடா போட்டால் கவுச்சி இன்னும் தூக்கும். மளிகைக் கடை வெள்ளை வினிகரை ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். அரை மணியில் வினிகர் நெடி மட்டும் மிஞ்சும், அது காற்றில் போய்விடும். கறிக்குழம்பு என்றால் எண்ணெய்தான் வாடையைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து எண்ணெயை எடுங்கள்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடும் வீடியோக்கள் எக்கச்சக்கம். பார்க்க ஜோராக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது உப்புத் தண்ணீர். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்: துணி வெளுக்கும், சீட் பெல்ட் நாடா வலுவிழக்கும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பால் கொட்டி ஒரு வாரம் கடந்துவிட்டதென்றால் சோடா மட்டும் பத்தாது, என்சைம் கிளீனர் (ஊறிப்போன அழுக்கைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) வேண்டும். நாய், பூனை மூத்திர வாடைக்கென்று வளர்ப்புப் பிராணிக் கடைகளில் விற்பதுதான் இதற்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: தெளித்துவிட்டு உடனே துடைத்துவிடுகிறார்கள். பால் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும், ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். நன்றாக நனைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, நான்கைந்து மணி நேரம் நிழலில் விட்டுப் பிறகு தண்ணீர் விட்டு இழுங்கள். அதற்கு முன் போட்ட சோடா, வினிகர், சோப்பு எதுவும் மிச்சம் இல்லாமல் அலசியிருக்க வேண்டும், இல்லையென்றால் என்சைம் மந்தமாகிவிடும்.

கழுவுவதைவிடக் காயவைப்பது பெரிய வேலை. அடி மெத்தை ஈரமாகவே நின்றால் பால் வாடை போய்ப் பூஞ்சை வாடை வரும், தரைத் தகடும் துருப்பிடிக்கும். கார்பெட்டைத் தூக்கி அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, கதவைத் திறந்து போட்டு, டேபிள் ஃபேனை நேராக வையுங்கள். சேலம் வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஏற்காட்டில், அதுவும் பனி மூடும் மாதங்களில், இது ஒப்பேறாது. வண்டியை ஒரு நாள் கீழே இறக்கி நிறுத்துவதே மேல். இறக்க வழியில்லை என்றால் எஞ்சினை ஓட்டி, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி ஈரத்தை வடித்து வெளியே சொட்டவிடும், ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

தரை சுத்தமாகியும் ஏசி போட்டவுடன் வாடை வந்தால் காரணம் கேபின் ஃபில்டர், அதாவது காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் அட்டை. பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழுவிப் போடுவதில் பயனில்லை, புதிதாக மாற்றுங்கள், அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். தரை வேலை முடியும் முன்னே மாற்றினால் புது ஃபில்டரும் அதே வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

மிச்சசொச்ச வாடைக்குக் கால் கிலோ ஆப்ப சோடாவைக் காய்ந்த கார்பெட்டில் தூவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வேக்கத்தில் இழுக்கலாம். அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டிச் சீட்டடியில் ஒரு வாரம் வைப்பதும் ஓரளவு உதவும். காபித்தூள் பொட்டலம் வேண்டாம். புளித்த பாலோடு சேர்ந்து திரிந்த காபி வாடைதான் அடிக்கும்.

ஓசோன் மெஷின் (வாடையை முறிக்க ஓசோன் வாயுவைப் பரப்பும் மெஷின்) போடுகிறோம் என்று கடைக்காரர் சொன்னால், அடி மெத்தை சுத்தமாகிக் காய்ந்த பிறகு மட்டும் சம்மதியுங்கள். அந்த வாயு நுரையீரலுக்குக் கெடுதல். ஓடும்போது உள்ளே ஆளோ நாயோ இருக்கக் கூடாது, முடிந்ததும் எல்லாக் கதவையும் திறந்து ஒரு மணி நேரமாவது காற்றாட விட வேண்டும். அடிக்கடி போட்டால் கதவோரத்து ரப்பர் பீடிங்கில் வெடிப்பு விழும்.

இரண்டு தரம் என்சைம் போட்டும் வெயிலில் நிறுத்தினால் வாடை திரும்புகிறதா? அந்த மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நனைந்த பகுதியை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, தரைத் தகட்டைத் துடைத்துக் காயவைத்து, கார் சீட் தைக்கும் கடையில் அதே கனத்துக்கு மெத்தை வாங்கி ஒட்டிவிடலாம்.