ஐயாவின் போன் கணக்கில் வராதா? பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் காரைக்குடி வீட்டில் நடந்த முதல் தவறு, போன் பார்ப்பதற்குப் பிள்ளைக்குச் சட்டம் போட்டுவிட்டு, பெரியவர்கள் எங்களுக்குள் எதையும் பேசி முடிக்காமல் விட்டதுதான். அம்மா "போதும்" என்று போனை வாங்கி வைத்தால், பிள்ளை அழுதுகொண்டே முகப்புக்கு ஓடும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஐயா, அதாவது தாத்தா, மனசு கேட்காமல் தன் போனைக் கொடுத்துவிடுவார். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டால் கேட்கவே வேண்டாம், வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றித் தூணுக்கொரு பிள்ளை, கைக்கொரு போன்.

பிள்ளையின் போன் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். அது பிள்ளையின் கூகுள் கணக்கு இருக்கும் போனில்தான் நேரத்தைக் கட்டுப்படுத்தும், ஐயாவின் போனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்தப் போனிலும் யூடியூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், யுபிஐ பின் எண்ணைப் பிள்ளை பார்க்க அடிக்காதீர்கள். யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால், பிள்ளையைத் திட்டுவதை விட்டுவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஆனால் ஐயாவையும் அப்பத்தாவையும் குறை சொல்லிப் பயனில்லை. போன் இல்லாவிட்டால் பேரப்பிள்ளை பக்கத்தில் உட்காராது என்பதுதான் அவர்கள் கவலை, அதனால் உட்கார வைக்க வேறு ஏதாவது கொடுங்கள். நாங்கள் பழைய பல்லாங்குழியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தோம், ஒரு வாரம் சண்டை, அப்புறம் பழகிவிட்டது.

அடுத்தது சாப்பாடு. கார்ட்டூனைக் காட்டி இடியப்பத்தை ஊட்டினால் தட்டு காலியாகும், உண்மைதான், ஆனால் வயிறு நிறைந்தது பிள்ளைக்கே தெரியாது. அதே நேரத்தில் நாமும் ஒரு கையில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு ஊட்டுகிறோமே, அதை எப்படித் தடுப்பது? சாப்பிடும்போது எல்லார் போனும் பட்டாலைக் கூடத்தில் ஒரே தட்டில் இருக்கட்டும், பெரியவர்களுடையது முதலில்.

ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவின் நடுவில் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். "இது முடிந்ததும் வைக்கணும்" என்று முன்பே சொல்லுங்கள், சொன்னபடி வாங்குங்கள்.

2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது என்கிறது இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம். சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா கூப்பிட்டால் தயங்காமல் பிள்ளையை மடியில் வைத்துப் பேசுங்கள், பேசி முடித்ததும் போனை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.