துவாஸ் டார்முக்கு உதவி மேசையோடு போவது எப்படி

ஜெர்மனி மாதிரி நாடுகளில் அகதிகள் இருக்கும் கிராமங்களுக்கு ஆலோசகர்களே தேடிப் போகிறார்கள். சிங்கப்பூர் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு, அதனால் அந்த வேலை இங்கே இல்லை. ஆனால் அதே முறை துவாஸ், கிராஞ்சி டார்மிட்டரிகளில் (வெளிநாட்டு ஊழியர் விடுதிகள், சுருக்கமாக டார்ம்) இருக்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கு நன்றாகவே பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வர முடிந்தவர் யாரிடமாவது கேட்டுக்கொள்வார், ஞாயிறும் ஓவர்டைம் பார்க்கிறவரிடம்தான் நாம் போக வேண்டும்.

முதலில் டார்ம் நடத்துபவரிடம் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்துக் காப்பிக்கடை போதும். நேரம் ரொம்ப முக்கியம். அவர்கள் வேலை முடிந்து லாரியில் வந்து, குளித்து, சாப்பிட்டு முடிக்க இரவு எட்டரை ஆகிவிடும், அதற்கு முன்னால் போய் உட்கார்ந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

மடக்கு மேசை, பவர் பேங்க், ஹாட்ஸ்பாட், கூடவே வங்காளம் பேசத் தெரிந்த ஒருவர். மேசையில் 'சம்பளப் புகார்' என்று எழுதி வைக்காதீர்கள், சூப்பர்வைசர் பார்க்கிற இடத்தில் யாரும் கிட்டே வரமாட்டார்கள். 'ஃபோன், ஆப் உதவி' என்று போடுங்கள், பாஸ்வேர்ட் மறந்தவர், ஊருக்குப் பணம் அனுப்பத் தெரியாதவர் என்று வருவார்கள், பேச்சோடு பேச்சாக மற்றதும் வெளியே வரும். அப்புறம், குரூப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற வேலையே வேண்டாம்.

வந்தவரிடம் ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்கு முதலில் கிடைக்கும் ஒப்புதல் கடிதம்), பே ஸ்லிப், டைம் கார்டு எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்லி, வீட்டாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பவையுங்கள். ஃபோன் தொலைந்தாலும் ஆதாரம் இருக்கும். ஐபிஏவில் உள்ள அடிப்படைச் சம்பளத்தையும் கையில் வருவதையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணம் வர வேண்டும், ஓவர்டைமுக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு. விவரமான பே ஸ்லிப் கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து சட்டப்படி கட்டாயம். பாக்கிக்குப் புகார் கொடுக்கவும் கெடு உண்டு: வேலையில் இருப்பவருக்கு ஒரு வருடம், வேலையை விட்டவருக்கு 6 மாதம். "முதலாளி தந்துடுவார்ணே" என்று காத்திருந்தே கெடுவைத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு, அதனால் தேதியை அங்கேயே ஃபோன் காலண்டரில் போட்டுக் கொடுங்கள். வேலையிடத்தில் அடிபட்டவர், தப்பு யார் மேல் என்றாலும் இழப்பீடு கேட்கலாம், விபத்து நடந்த ஒரு வருடத்துக்குள். புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

நீங்கள் வக்கீல் ஆகிவிடாதீர்கள். சிக்கலான விஷயத்தை வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம், உடம்புக்கு என்றால் ஹெல்த்சர்வ் என்று வெளிநாட்டு ஊழியருக்கு உதவும் அமைப்புகளிடம் கைமாற்றிவிடுங்கள், நம்பரை மட்டும் கொடுத்து அனுப்பாமல் அங்கேயே கூப்பிட்டுப் பேசவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே ஆள் போவது நல்லது. ஆள் மாறினால் உதவி கேட்டு வந்தவர் மறுபடி முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும், சொல்லமாட்டார்.