புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் சாகின்றன? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மீன் தன் செவுள் வழியாக எந்நேரமும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவேதான் உண்டாகும். பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதளவு இருந்தாலே மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது. தண்ணீர் பளிச்சென்று தெளிவாக இருக்கும்போதே மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

அந்த பாக்டீரியா முதலில் வளர வேண்டும். அதற்கு, மீன் விடாமல் ஃபில்டரை மட்டும் ஓடவிடுங்கள். பாக்டீரியாவுக்கு உணவாக, வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியா கரைசலை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் காட்டும்வரை சேருங்கள். அளவு இறங்க இறங்க மறுபடி சேருங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் 0 காட்டினால் தொட்டி தயார். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றில், பாக்டீரியா குடியிருக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டு கிடைத்தால் வெகு சீக்கிரம் முடியும். கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, சில மீன்களை மட்டும் முதலில் விடுங்கள். ஏற்கெனவே மீன் விட்டாயிற்று என்றால் தினமும் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டில் ஒன்று லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினாலும் கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள்.

"சுத்தமாகத்தானே வைத்திருக்கிறேன், ஏன் செத்தது?" என்று கேட்பவர்கள் பலர். பெரும்பாலும் அந்தச் சுத்தம்தான் காரணம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தொட்டி மறுபடி முதல் நாளுக்கே போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், மொத்தத்தையும் கொட்ட வேண்டாம். புதுத் தண்ணீர் தொட்டி நீரின் சூட்டிலேயே இருக்கட்டும். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், ஆனால் சில ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமின் போகாது. அதற்குக் குளோரின் நீக்கி மருந்து கட்டாயம். இரவில் ஃபில்டரை நிறுத்தவும் கூடாது, அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான்.

சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். பெட்டா என்னும் சண்டை மீன் காற்றை நேராகச் சுவாசிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் அதன் தண்ணீரிலுள்ள அம்மோனியா குறைந்துவிடாது. அதற்கும் 20 லிட்டர், ஃபில்டர், 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. கோல்ட்ஃபிஷ் சின்ன மீனே அல்ல, ஒரு சாண் நீளத்துக்கு வளரும். நியான் டெட்ரா ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு ஒளிந்தே கிடக்கும். கப்பியில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்ணாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெண் சோர்ந்துவிடும். ஆணே இல்லாமல் வளர்த்தாலும் குட்டி வரலாம். பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும்.

புதிதாக வாங்கிய மீனை நேராகப் பழைய மீன்களோடு சேர்க்காதீர்கள். 2 முதல் 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, பெருகி, நீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்தில் குறிப்பிட்டிருக்கும் நாட்கள் முழுவதும் கொடுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். இறால் இருக்கும் தொட்டியில் செம்பு கலந்த மருந்தை ஊற்றவே கூடாது.