கடலோர வீடுகளில் செவிலியர் பராமரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள ஒருவரைப் பார்க்க, பாம்பன், மண்டபம் பக்கத்து வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியரும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரும், இயன்முறை மருத்துவரும் வந்து போகக்கூடும். அவர்கள் சொன்னவற்றையெல்லாம் ஒரே நோட்டில் எழுதிவைக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால்தான் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பொறுப்பை ஒருவரிடம், பெயர் சொல்லி, ஒப்படைக்காமல் விடுவது முதல் தவறு.

மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்காமல், அன்று வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது அடுத்த தவறு. என் பார்வையில் இதுவே பெரிய தவறு. தகப்பனார் விசைப்படகில் போயிருப்பார். தாய் கடல் வற்றும் நாள்களில் விடியற்காலையிலேயே பாசி எடுக்கக் கிளம்பிவிடுவார். மருந்து கொடுப்பது பாட்டியாகவே இருக்கும். வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் சிரப்பில் வழக்கமாக 5 மில்லிக்கு 200 மில்லிகிராம் மருந்து இருக்கும். சமையலறைக் கரண்டியின் அளவோ வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே ஊசியில்லாத சிரிஞ்சில் உரிய கோட்டின்மேல் வண்ண நாடா ஒட்டிக் கொடுத்து, செவிலியர் முன்னிலையிலேயே பாட்டியை ஒருமுறை அளந்து காட்டச் சொல்ல வேண்டும். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுவிடுவதால், கடையில் வாங்கும் மாத்திரையைப் பாதியாக்கி நாளை ஓட்டும் நிலை எளிதில் வரும். வலிப்பு மருந்தைச் சட்டென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மார்ச் மாதத்திலேயே அரசு மருத்துவமனையில் மருந்து இருப்புக்கு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தால் 108ஐ அழைக்க வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும், கையில் இரும்பு கொடுப்பதும் வாயில் எதையாவது திணிப்பதும் வேண்டாம்.

பேச்சு வராத ஒருவர் திடீரெனத் தலையை முட்டிக்கொண்டாலோ சாப்பிட மறுத்தாலோ, 'அவன் எப்போதும் அப்படித்தான்' என்று குறைபாட்டின் தலையில் பழியைப் போடுவது செவிலியர்களும் செய்யும் பிழை. பல்வலி, காதில் சீழ், நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். வழக்கமாக எப்படித் தூங்குவார், வலித்தால் என்ன செய்வார், கடைசியாக மலம் கழித்தது என்றைக்கு என்பவை அந்த நோட்டில் இருந்தால், பாம்பன் பாலத்தைத் தாண்டி இராமநாதபுரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நாளில், அவரை முன்பின் பார்த்திராத மருத்துவருக்கும் மாற்றம் விளங்கும். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தைராய்டுப் பரிசோதனை ஆண்டுதோறும் தேவை. யாருக்கும் படுத்த நிலையில் ஊட்டக் கூடாது. உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம்.

பதினெட்டு வயதை மறந்துவிடுவதும் உண்டு. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் சேவை அந்த வயதோடு முடிந்துவிடும். பதினெட்டைக் கடந்தும் தனக்காக முடிவெடுக்க இயலாதவருக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கோரலாம், பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். அறுவை சிகிச்சைக்கு யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி அவசரத்தில் எழுமுன், பதினேழு வயதிலேயே செவிலியர் இதைக் குடும்பத்தாரிடம் பேசி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.